வக்கீல் வாங்கிய டிராக்டர்

என் நாத்தனாருக்கு வீட்டில் வக்கீல் என்று பேர். கோர்ட் படி ஏறியவரில்லை. தக்காளி வாங்கினாலும் குறுக்கு விசாரணை செய்துதான் வாங்குவார். எலுமிச்சைத் தோட்டத்தை அவரும் அவர் தம்பியான என் கணவரும் சேர்ந்து பார்த்தார்கள். ஏணியிலிருந்து விழுந்ததில் என் கணவருக்கு இடது கால் மடங்காமல் போனது. அதன்பின் பாரம் முழுக்க வக்கீல் தலையில். வாடகை டிராக்டர்காரர் மனசு வைத்தால்தான் உழவு. வந்தாலும் அந்தப் பெரிய வண்டி திரும்பும்போதெல்லாம் கிளைகளை ஒடித்துவிடும்.

"சின்னதா நாமே ஒண்ணு வாங்கிடலாம்" என்றார் வக்கீல்.

வண்டிகளைத் தோட்டத்துக்கே வரவழைத்தார். முதல் வண்டிக்கு இழுவை அபாரம். ஆனால் வரிசை முடிவில் ஒரே வளைப்பில் திரும்பவில்லை. இரண்டாவது, இலைகூட உதிராமல் மரங்களுக்கு அடியில் புகுந்து வந்தது. விலையும் கட்டுப்படியாகும். முடிந்தது வேலை என்று நினைத்தேன். ஓட்டிப் பார்த்த வக்கீல் இறங்கி, "டேய், நீ ஏறிப் பாரு" என்றார் தம்பியிடம்.

"நான் எதுக்குக்கா?" என்றபடியே ஏறினார். மடங்காத இடது காலால் கிளட்சை மிதிக்க முடியவில்லை. முகம் சுண்டிப்போய், பம்ப் செட் பக்கம் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. "ஏன் அண்ணி அவரை இப்படி நோகடிக்கறீங்க?"

"அவன் ஓட்ட முடியாத வண்டி நமக்கு எதுக்குடி?" என்றார். அந்த வண்டியையும் திருப்பி அனுப்பினார். நானாக இருந்தால் வாங்கியிருப்பேன்.

மறுவாரம் மூன்றாவது வந்தது. கிளட்சை மிதிக்காமலே, வலது கால் பெடலில் முன்னும் பின்னும் போகும். விலை கொஞ்சம் கூடுதல், இழுவை கொஞ்சம் குறைவு. என் கணவர் வீட்டை விட்டு வெளியே வர மறுத்தார்.

"இதுல இடது காலுக்கு வேலையே இல்லடா. பிடிக்கலைன்னா சொல்லு, அப்புறம் நான் வாயே திறக்கல."

அக்கா வாய் திறக்கமாட்டார் என்றதாலோ என்னவோ, வந்தார். கம்பியைப் பிடித்து மெல்ல ஏறினார். தாங்கப்போன என் கையை வக்கீல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வண்டி ஒருமுறை குலுங்கியது. பிறகு வரிசைக்குள் சீராகப் போனது, திரும்பியது, எங்களைத் தாண்டி அடுத்த வரிசைக்குள் நுழைந்தது.

"சார் எங்க போறாரு?" என்று பதறினார் விற்பனையாளர்.

"போகட்டும் விடுங்க" என்றார் வக்கீல். வண்டி மரங்களுக்குள் மறையும்வரை பார்த்துவிட்டு, "சரி, ரிப்பேர்னா மெக்கானிக் எங்கேர்ந்து வருவாரு?" என்று விசாரணையைத் தொடங்கினார்.