சஜ்தாவுக்கு மடங்காத முழங்கால்

அன்பான சகோதர சகோதரிகளே, அல்லாஹ் எனக்குச் செய்த உதவியைச் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவன். என் கோபத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

2007ஆம் ஆண்டு கோடையில், கடைக்குச் சரக்கு இறக்கும்போது லாரியிலிருந்து விழுந்தேன். இடது முழங்கால் சில்லு உடைந்தது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். கட்டுப் பிரித்த பிறகும் கால் மடங்கவில்லை, கட்டை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழ முடிந்தது. நெற்றி தரையில் படாத தொழுகையை முடிக்கும்போதெல்லாம் அழுகை வந்தது. இனி சஜ்தாவே கிடையாதோ என்று பயந்தேன்.

ஐந்து வேளையும் ஒரே துஆதான். ஒரு நல்ல டாக்டரை அனுப்பு என்று கேட்டேன்.

காரைக்கால் டவுனில் இருந்த பிசியோதெரபிஸ்ட் ஒருநாள் வந்து காலைச் சோதித்தார். பயிற்சிகளை எழுதிக் கொடுத்துவிட்டு, தினமும் தன் அசிஸ்டென்ட் வருவார் என்றார். மறுநாள் தலத்தெருவிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தவர் செல்வம். திருவேட்டக்குடிக்காரர், நாற்பது வயதிருக்கும். எனக்கு எரிச்சலாக வந்தது. டாக்டரைக் கேட்டால் அசிஸ்டென்ட்டா?

காலை நீவிவிடுவார் என்று நினைத்து என் மனைவி எண்ணெய் காய்ச்சி வைத்திருந்தாள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். என்னையே மடக்கச் சொன்னார், என்னையே நீட்டச் சொன்னார். எனக்கோ வலியில் உயிர் போனது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவார், நோட்டில் ஏதோ கிறுக்குவார். வேடிக்கை பார்க்க ஓர் ஆளா என்று மனைவியிடம் தினமும் புலம்பினேன்.

மூன்றாவது வாரம் கால் ஓரளவுக்கு மேல் மடங்க மறுத்தது. பலமாக அழுத்திவிடச் சொன்னேன். மாட்டேன் என்றார்.

"அது நான் முடிவு பண்ற வேலை இல்ல பாய். சார் பாத்துட்டுச் சொல்லணும்."

"அப்புறம் நீ எதுக்கு? நாளைலேர்ந்து வராதே."

நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அல்லாஹ்விடமே சண்டை போட்டேன். இத்தனை நாள் கேட்டும் மனம் இரங்கவில்லையா என்றேன். அவன் என்னை மன்னிக்கட்டும்.

மறுநாள் காலை செல்வம் பிசியோதெரபிஸ்ட்டையே அழைத்துக்கொண்டு வந்து நின்றார். கால் மடங்காததை முன்தினமே அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். பிசியோதெரபிஸ்ட் என் காலைத் தொட்டுப் பார்த்தார், அந்த நோட்டைப் புரட்டினார். எந்த நாள் எவ்வளவு மடங்கியது, எங்கே வலித்தது, எப்போது வீங்கியது, எல்லாம் அதில் இருந்தது. அழுத்தியிருந்தால் சேர்ந்த எலும்பு மறுபடி விட்டிருக்கும் என்று சொல்லி, பயிற்சியை மாற்றினார். கடைசிப் பக்கத்தை நான் எட்டிப் பார்த்தேன். 'பாய் இன்று சத்தம் போட்டார். வலியால்தான்' என்று இருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பவர் பிசியோதெரபிஸ்ட். தினமும் கூடவே இருந்து அதைச் செய்ய வைத்து, மாற்றம் தெரிந்தால் உடனே அவரிடம் சொல்வது செல்வத்தின் வேலை. அவர் ஒரு நாளும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அது எனக்குப் புரிய மூன்று வாரம் ஆனது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாள் முன்பு, ஒரு மதியம் லுஹர் தொழுகை வேளையில், நாற்காலி இல்லாமல் தொழுதேன். முழங்கால் மெல்ல மெல்ல மடங்கியது. நெற்றி விரிப்பில் பட்டது. எழுந்திருக்க மனமே வரவில்லை. கால் பிடித்துக்கொண்டதோ என்று மனைவி பதறி ஓடிவந்தாள்.

செல்வத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, இன்னும் பத்துத் தடவை மடக்கச் சொன்னார்.

கஷ்டத்தில் இருப்பவர்களே, அல்லாஹ்விடம் கேளுங்கள், அவன் தருவான். யார் கையால் தரவேண்டும் என்பதை மட்டும் அவனிடம் விட்டுவிடுங்கள். என் துஆவுக்கு வந்த பதிலை நானே வாசலோடு விரட்டினேன். அவன் கருணை, அது மறுநாளும் வந்தது.