வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டிய பையன்

மாலையில் வகுப்பு முடிந்து வந்து, கல்லல் பஸ் காரைக்குடி நிலையத்துக்குள் திரும்பி நிற்பதற்குள் ஜன்னல் வழியாக என் சாப்பாட்டுப் பையை உள்ளே போட்டுவிடுவேன். இடப்பக்கம், இரண்டு பேர் உட்காரும் சீட். பை கிடந்தால் அந்த இடம் நம்முடையது. பை கிடக்கிற சீட்டில் வந்து உட்காரும் வழக்கம் எங்கள் ஊர்ப் பக்கம் கிடையாது. ஒன்று எனக்கு, ஒன்று என் தோழிக்கு.

எங்கள் ஊர் கல்லல் வந்து சேரும்வரை என் போனில் மங்கா படிப்போம். ஜப்பான்காரர்களின் படக்கதை. அதிலும் பாய்ஸ் லவ், இரண்டு பையன்கள் ஒருவரை ஒருவர் விரும்பும் கதைகள். படிப்போம் என்று சொன்னாலும் படிப்பது நான்தான். இங்கிலீஷில் இருப்பதை நான் தமிழில் சொல்ல, அவள் என் தோளில் சாய்ந்து படம் பார்ப்பாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மாத்திரை அட்டையிலிருந்து கரண்ட் ஆபீஸ் தாள்வரை எங்கள் தெரு என்னிடம்தான் நீட்டும். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் தெரு முழுக்கக் கேட்பதைவிட அவள் ஒருத்தி "மேல சொல்லுடி" என்று கேட்பதுதான் எனக்குப் பெரிது.

"என்னம்மா, பஸ்ஸுலயும் பாடமா?" என்று பின்சீட்டு அத்தை ஒருவர் ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"ஆமா அத்தை, பரீட்சை வருது. நீங்க எங்க இறங்குறீக?" என்றாள் என் தோழி, போனைக் கையால் மூடிக்கொண்டு.

அந்தக் கதைகளில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று யோசித்திருக்கிறேன். அவற்றில் காதலிக்கிற பெண் இல்லை. அதனால் எவளோடும் என்னை ஒப்பிட்டு, நிறம் குறைவு, வாய் அதிகம் என்று குறைபட வேண்டியதில்லை. யார் முதலில் சொல்ல வேண்டும், யார் தலை குனிய வேண்டும் என்று ஊர் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கவும் இல்லை. ஒவ்வொன்றையும் அவர்களே தடுமாறிக் கண்டுபிடிக்க வேண்டும். குடையை யார் பிடிப்பது என்பதற்கே நான்கு பக்கம் போகும். அந்த நான்கு பக்கத்தில் ஒருவனை முழுதாகத் தெரிந்துவிடும்.

அப்போது படித்துக்கொண்டிருந்த கதையில் ஒருவன் ரொட்டிக்கடைக்காரியின் மகன். மற்றவன் அவன் வகுப்புக்குப் புதிதாக வந்தவன். ரொட்டிக்கடைப் பையன் எனக்கு மிகவும் பிடித்தவன். பெருமைக்காரன். யாரிடமும் இறங்கிப் போகமாட்டான், தானே கையை உதறிக்கொண்டு நடப்பான். என்னை மாதிரி என்று நினைத்துக்கொள்வேன். ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. என் தோழி கேட்டே விட்டாள்.

"ஏண்டி, இவன் பதில் சொன்னதுக்கப்புறம் அவன் கேள்வி கேக்குறான்?"

"அவுக ஊருல கதைய அப்படித்தேன் முன்ன பின்ன மாத்திச் சொல்வாக," என்றேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

அந்த வருடம் எங்கள் வகுப்பில் திருச்சியிலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள். அப்பாவுக்குக் கல்லலுக்கு மாற்றல்; அதுவரை இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள். ஒருநாள் சீட் கிடைக்காமல் எங்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், என் போனைக் குனிந்து பார்த்தாள்.

"ஏய், நீ தப்பா படிக்கிறப்பா. எழுத்து இங்கிலீஷா இருந்தாலும் இதை ஜப்பான்காரங்க மாதிரி வலது பக்கத்துலேர்ந்து படிக்கணும். ஒவ்வொரு பக்கத்துலயும் வலது மூலைக் கட்டம்தான் முதல்ல."

என் தோழி போனை என் கையிலிருந்தே வாங்கி அவளிடம் நீட்டினாள். திருச்சிக்காரி நின்றபடியே அந்தப் பக்கத்தை மறுபடி சொன்னாள். ரயிலில் ரொட்டிக்கடைப் பையன் கோத்திருந்த கையை உதறிய பிறகு மற்றவன் முகம் திருப்பினான் என்று நான் சொல்லியிருந்தேன். அவள் சொன்னபோது மற்றவன் முதலில் முகம் திருப்பினான். அதன் பிறகுதான் ரொட்டிக்கடைப் பையனின் கை தானாகத் தளர்ந்து கீழே விழுந்தது.

"அப்படின்னா அவன் பெருமைக்காரனே இல்லியா?" என்றாள் என் தோழி. "பாவம்டி. எனக்கு அப்பவே என்னமோ இடிச்சுச்சு."

அன்று முதல் இருவரும் ஒன்றானார்கள். நான் போடும் பை ஒரு பக்கம் கிடக்கும். என் தோழி திருச்சிக்காரியோடு பின்னால் போய் உட்காருவாள். "நீயும் அங்குட்டு வாயேன்" என்பாள். நான் போகமாட்டேன். இரண்டு பேர் சிரிக்கும் சத்தத்தை முதுகால் கேட்டுக்கொண்டு கல்லல்வரை வருவேன். திருச்சிக்காரியின் நல்ல தமிழ், அவள் புதுச் செருப்பு, அவள் போனின் பெரிய திரை எல்லாமே எனக்கு எரிந்தது. எல்லாவற்றையும்விட, அவள் கதை சொல்லும்போது என் தோழி "மேல சொல்லு" என்று கேட்டது எரிந்தது. என்னிடம் சொன்ன அதே குரல்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் அந்தக் கதையை முதல் பக்கத்திலிருந்து எடுத்தேன், வலப்பக்கத்திலிருந்து. திருச்சிக்காரி சொன்னதில் ஏதாவது தப்பு கிடைக்கும் என்றுதான் எடுத்தேன். கிடைக்கவில்லை. மழை நாள் ஒன்று வந்தது. மற்றவன் வேறொருவனோடு கடை வாசலில் சிரித்துக்கொண்டிருக்கிறான். நான் முன்பு சொன்ன வரிசையில் ரொட்டிக்கடைப் பையன் முதலிலேயே நடந்துவிட்டிருந்தான். இப்போது பார்த்தால், அவர்கள் சிரிப்பதை அவன் பார்க்கிறான். கையில் மடக்கிய குடையோடு நனைந்துகொண்டே நிற்கிறான். பிறகுதான் போகிறான்.

கடைசிவரை அவனுக்குப் பொறாமை போகவே இல்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறான் என்பதுதான் மாறுகிறது. முதலில் ஓடுகிறான். அப்புறம் நிற்கிறான். ரொம்பத் தாமதமாக, ரொட்டி அடுக்கிக்கொண்டே, "நீ அவனோடு பேசினால் எனக்குப் பிடிக்கவில்லை" என்கிறான். மற்றவன் சிரிக்கவில்லை. வந்து அவனோடு சேர்ந்து அடுக்குகிறான். அவன் என் பெருமைக்காரன் இல்லைதான். ஆனால் அவனை என்னைப் போல நன்றாக அறிந்தவர்கள் அந்த பஸ்ஸில் யாரும் கிடையாது.

திங்கட்கிழமை என் பையை வலப்பக்கத்து மூன்று பேர் சீட்டில் போட்டேன்.

"என்னடி, நம்ம சீட்ட விட்டுட்ட?" என்றபடி ஏறினாள் என் தோழி. பின்னாலேயே திருச்சிக்காரி.

"அதுல மூணு பேரு எப்படி உக்கார்றது?" என்றேன்.

திருச்சிக்காரி நடுவில் உட்காரப் போனாள். "நீ ஜன்னலுக்குப் போ," என்றேன். "நடுவுல நான்தேன்."

என் தோழி குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். "பொறாமையாடி?"

"ஆமா. நீ இவகூடப் பேசுனா எனக்குப் புடிக்கல."

திருச்சிக்காரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள். என் தோழி பக்கத்தில் உட்கார்ந்து, என் கையிலிருந்த போனைச் சரியாகத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். மழை நாள் பக்கத்தைத் திறந்து வலது மூலையில் விரலை வைத்தேன்.

"இவன் ஏன் குடைய விரிக்காம நனையிறான்?" என்றாள் என் தோழி.

ஜன்னலோரத்தில் திருச்சிக்காரி பதில் சொல்ல வாய் திறந்தாள். என் தோழி அந்தப் பக்கம் திரும்பவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லத் தொடங்கினேன், அவசரமே படாமல். திருச்சிக்காரியும் கேட்டுக்கொண்டுதான் வந்தாள். அவள் அங்கே இருப்பது எனக்கு இன்றும் பிடிக்கவில்லை.