விருந்தாளியாக இரண்டு நாள்

ஆசிரமம் பக்கம், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் எங்களுக்கு ஆறு ரூம் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். வரவேற்பது என் கணவர். படுக்கை விரிப்பது நான். பதினெட்டு வருஷமாக இந்தப் பங்கீட்டில் மாற்றமில்லை. பௌர்ணமிக்கு மறுநாள் தலையணை உறைகளில் குங்குமமும் விபூதியும் அப்பியிருக்கும். அதற்கு அண்ணாமலையார் பொறுப்பேற்பதில்லை. நான்தான் தேய்க்க வேண்டும்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்காக, இரண்டு நாள் எங்காவது போகலாம் என்று அவரே சொன்னார். எனக்கு இருந்தது ஒரே ஆசை. இன்னொருவர் விரித்த படுக்கையில் படுக்க வேண்டும், எழுந்ததும் அதைத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும்.

அவர் போனில் இரண்டு இடம் காட்டினார். ஒன்று, பாண்டிச்சேரியில் பழைய வீட்டைப் புதுப்பித்துக் கட்டிய சின்ன ஹோட்டல். 'பூட்டிக்' என்று போட்டிருந்தது. எட்டே ரூம், முற்றத்தில் செடிகள், கட்டுப்படியாகிற வாடகை. இன்னொன்று, மாமல்லபுரம் போகும் வழியில் கடலைப் பார்த்த பெரிய ஹோட்டல். அதன் வாடகையைச் சொல்லும்போது அவர் குரல் தானாகத் தணிந்தது. சின்னதில் தங்கியவர்கள் எழுதியதை மட்டும் உரக்க வாசித்தார். வீட்டில் இருப்பது போலவே இருந்ததாம். ஓனர் அம்மாவே காலையில் வந்து உட்கார்ந்து பேசுவாராம்.

"வீட்ல இருக்கிற மாதிரினா, வீட்லயே இருந்துடலாமேங்க," என்றேன்.

ஓனர் அம்மா பேசும் பேச்சு எனக்குத் தெரியும். நானே தினமும் பேசுகிறேன். பேச்சு ஊரைப் பற்றி இருந்தாலும், கண் முழுக்க தங்க வந்தவர்கள் காபி டம்ளரை எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் இருக்கும்.

பெரிய ஹோட்டல் ஜாஸ்தி, ஜாஸ்தி என்று அவர் ஒரு வாரம் முனகினார். அந்த ஒரு வாரமும் ராத்திரிக்கு உப்புமா செய்தேன். எட்டாம் நாள் கடலைப் பார்த்த ரூமை புக் செய்தார்.

போய்ச் சேர்ந்த அன்று நன்றாகத் தூங்கினேன். மறுநாள் காலை அவர் குளிக்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் நான் விரிப்பை உதறி இழுத்து, கால்மாட்டு மூலைகளை மடித்து மெத்தைக்கடியில் செருகி, ஈரத் துண்டுகளைச் சுருட்டிக் கதவோரம் போட்டிருந்தேன். எப்போது ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவர் படுக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றார். என் மீதே ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது.

அந்த நேரத்தில்தான் ரூம் சுத்தம் செய்யும் அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் வயதுதான் இருக்கும். குனிந்து மூலை மடிப்பைத் தூக்கிப் பார்த்தார்.

"எத்தனை ரூம்க்கா உங்களுக்கு?"

"ஆறு."

"எனக்குப் பதினாலு," என்று சொல்லி, நான் செருகியதையெல்லாம் உருவிப் போட்டார். "நீங்க போய் அங்க உக்காருங்க. நான் போடறேன்."

பால்கனியில் போய் உட்கார்ந்தேன். கடலைப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக அந்த அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்காக ஒருவர் படுக்கை விரித்ததைக் கடைசியாகப் பார்த்தது, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனபோது. அதற்குப் பிறகு இப்போதுதான். சந்தோஷமாக இருந்தது. கால்மாட்டில் ஒரு மூலை என்னுடையதைவிடக் கொஞ்சம் தளர்வாக இருந்தது. சொல்லவில்லை.