இடது பக்கம் லேசாக இருக்கிறது

மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் போட்டோக்காரிக்குத் 'தள்ளுங்கக்கா' என்று பெயர் வந்ததற்கு அவளேதான் காரணம். குடும்பப் படம் எடுக்க வருகிறவர்களை அவள் படம் எடுக்கிற நேரம் கொஞ்சம், தள்ளி நிற்கச் சொல்லி வதைக்கிற நேரம்தான் அதிகம். புது மாப்பிள்ளை ஒருவரை ஒரு சாண், இன்னும் ஒரு சாண் என்று தள்ளித் தள்ளி வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டாள் என்று ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். கதவு வரைக்கும்தான் போனார்.

படத்துக்கு எடை உண்டு என்பது அவள் கட்சி. கறுப்புச் சட்டை கனம், வெளிர்நிறச் சட்டை லேசு. கேமராவை நேராகப் பார்க்கும் முகம் கனம், பக்கவாட்டில் திரும்பிய முகம் அதில் பாதி. ஒரு பக்கம் கனத்துப்போனால் பார்க்கிறவர் கண் வழுக்கிக்கொண்டு போய் அங்கேயே விழுந்து கிடக்கும் என்பாள். அவளோடு ஏதாவது விசேஷத்துக்குக் கிளம்பும்போது, எந்த ஓரத்தில் நிற்கப் போகிறோம் என்று கேட்டுக்கொள்ளாமல் அவள் கணவர் சட்டை மாற்றுவதில்லை.

ஊரையே தள்ளி நிறுத்திய அவளுக்கு எடுக்க வாய்க்காத படம் ஒன்று இருந்தது. அம்மாவும் அவள் பெற்ற மூன்று பிள்ளைகளும் சேர்ந்து நிற்கும் படம். இரண்டு அண்ணன்களும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. பெரியண்ணன் வீட்டு மாடிக்கு ஒரு பீரோவை ஏற்றியபோது இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்திருந்தார்கள். படி திரும்பும் இடத்தில் பீரோ நழுவி, கைப்பிடிச் சுவரையும் ஒரு சன்னலையும் முடித்துவிட்டுத்தான் கீழே போய்ப் படுத்தது. முதலில் கையை விட்டது நீதான் என்று இவர், இல்லை நீதான் என்று அவர். அன்றோடு பேச்சு நின்றது.

அது பாட்டுக்கு இருந்திருக்கும். ஆனால் தனியாக இருந்த அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இனித் தனியாக விடாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அம்மா மசியவில்லை. மூவரும் ஒரே படத்தில் நிற்கிற வரைக்கும் யார் வீட்டுப் படியும் மிதிக்க மாட்டேன் என்றாள். போட்டோக்காரிக்குத் தூக்கம் போயிற்று. அடுத்த முறை அம்மா விழுந்தால் தூக்கிவிடவும் ஆள் இருக்காது.

அவள் இரண்டு அண்ணன்களையும் தனித்தனியாகப் பிடித்துக் கெஞ்சினாள். ஆளுக்கொரு ஓரம், நடுவில் அம்மா, பேசவே வேண்டாம் என்று வாக்குக் கொடுத்தாள். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்தது. இரண்டு பேரும் நல்ல வாட்டசாட்டம். இரண்டு ஓரத்துக்கும் இரண்டு தூண் மாதிரி அமையும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா சோபாவில் உட்கார்ந்தாள். சின்னண்ணன் வலது ஓரம், பெரியண்ணன் இடது ஓரம். தான் நிற்க சோபாவுக்குப் பின்னால் இடம் விட்டுவிட்டு, போட்டோக்காரி கேமராவுக்குள் பார்த்தாள். பார்த்தவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"பெரியண்ணா, என்ன நீ பாதியாயிட்டே? இடது பக்கம் லேசா இருக்கு."

பெரியண்ணன் வயிற்றை எக்கிக்கொண்டு, தான் நன்றாகத்தான் இருப்பதாகச் சொன்னார். அவள் மூலையிலிருந்த ஆளுயரப் பூச்சாடியை இழுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தாள். ஜாடியும் தானும் சேர்ந்துதான் ஒரு ஆளா என்று அவர் கேட்டார். சின்னண்ணன் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, சுவரைப் பார்த்தபடி அம்மாவிடம் பேசினார்.

"டாக்டர்கிட்ட காட்டினாரான்னு கேளும்மா."

"காட்டியாச்சுன்னு சொல்லு. சர்க்கரை."

"நான் என்ன தபால்காரியா?" என்றாள் அம்மா.

போட்டோக்காரி இது எதையும் காதில் வாங்கவில்லை. ஜாடியை அப்புறப்படுத்திவிட்டு வேறு வழி கண்டுபிடித்திருந்தாள். கனமான ஆள் நடுவுக்கு நெருங்கி வரவேண்டும், லேசான ஆள் விலகிப் போகவேண்டும். நடுவே சோபா இருப்பதால் அதை இடது பக்கம் ஒரு முழம் நகர்த்தினால் போதும்.

அம்மா எழுந்திருக்க மறுத்தாள். தான் எழுந்தால் இரண்டு பேரும் ஓடிவிடுவார்கள் என்பது அவள் பயம். கேமராவை நகர்த்தலாமே என்று சின்னண்ணன் சொன்னதற்குப் போட்டோக்காரி பார்த்த பார்வையில் அவர் சோபாவின் ஒரு முனையைப் பிடித்தார். மறு முனையைப் பெரியண்ணன் பிடித்தார். அவள் கேமரா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் போய் நின்று, தூக்குங்கள் என்றாள்.

தூக்கினார்கள். சோபா இடது பக்கம் சாய்ந்தது. மெத்தையோடு அம்மா சறுக்கிக்கொண்டு போய்ப் பெரியவனின் காலரைப் பிடித்துத் தொங்கினாள். போட்டோக்காரி பதறிப்போய்க் கையை இறுக்கிக்கொள்ள, ரிமோட் தன் வேலையைச் செய்தது.

சோபா தரையைத் தொட்டதும் பெரியண்ணன் தம்பியைப் பார்த்தார். அத்தனை காலத்துக்குப் பிறகு நேருக்கு நேர்.

"விட்டியா? மறுபடியும் விட்டியா?"

"நானா விட்டேன்? நீதான் விட்டே. அன்னிக்கும் நீதான்."

"படம் இருக்குல்ல, போட்டுப் பாப்போம் வா."

இருவரும் கணினித் திரையின் முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கையைப் பெரிதாக்கு, அந்த விரலைப் பெரிதாக்கு என்று தங்கையை விரட்டினார்கள். நான்கு கைகளும் சோபாவை விடாமல் பிடித்திருந்தன. சின்னண்ணன் முழங்கால் உயரம் தூக்கியிருந்தார். பெரியண்ணனால் கணுக்கால் வரைதான் முடிந்திருந்தது.

"யாரும் விடலண்ணா," என்றாள் அவள். "ஒரு பக்கம் ஏறிடுச்சு, அவ்வளவுதான்."

இருவர் முகத்திலும் ஏமாற்றம். இது சோபாவின் கதை, பீரோவின் கதை வேறு என்று பெரியண்ணன் சொல்ல, அதற்குத்தான் படம் இல்லையே என்று சின்னண்ணன் மடக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று அண்ணனிடமே கேட்டார்.

போட்டோக்காரி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு கோணலான படத்தை அவள் ஆயுளில் எடுத்ததில்லை. கண் வழுக்கிக்கொண்டு போய் இடது மூலையில் விழுந்தது. அங்கே அம்மா வாயைப் பிளந்துகொண்டிருந்தாள்.

இது செல்லாது, வேறு எடு என்றாள் அம்மா. பிள்ளைகள் இருவரும் ஒரே குரலில் செல்லும் என்றார்கள். ஒரே படத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் பேச்சு, வாயை மூடியிருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாளைக்கே வீட்டைக் காலி செய்து அம்மாவைப் பெரியவன் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவதாகவும் தீர்மானமாயிற்று.

அம்மா தலைமுடியைச் சரி செய்துகொண்டு, மகன்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"வரேன். ஆனா என் கட்டிலை நீங்க ரெண்டு பேரும் தொடக்கூடாது. ஆள் வச்சுத் தூக்குங்க."