கோட்டை வாசலில் ஒரு செத்த மனிதர்

பூண்டு மண்டி இப்ராம்சாவின் பெண்டாட்டிக்கு இரண்டு புருஷன் என்று 1961 ஐப்பசியில் கொடைக்கானல் பஜாரில் ஒரு பேச்சு கிளம்பியது. கொண்டுவந்தவன் லாரிக்காரப் பொன்னுவேல். டீக்கடையில் நாலு பேருக்குப் பங்கு வைத்துவிட்டுத்தான் உரியவரிடம் வந்தான்.

"பாய், கோவிச்சுக்காதீங்க. புயல்ல செத்துட்டார்னு சொன்னீகளே சம்சுல் ஆலம், அவரு தரங்கம்பாடிக் கோட்டை வாசல்ல உக்காந்து வர்றவங்களுக்குக் கதை சொல்லிக்கிட்டிருக்காரு."

"ஏலே, நீ பாத்தியா?"

"பாத்தேனே. பீடிகூட வாங்கிக் குடுத்தேன்."

சம்சுல் ஆலம் பக்கத்துக் கடைக் கருவாட்டு வியாபாரி. 1952 கடைசியில் சரக்கெடுக்கக் கடற்கரைக்கு இறங்கியவர் புயலில் சிக்கினார். ஆளும் வரவில்லை, உடலும் வரவில்லை. கடல் கொண்டுபோனவனுக்கு வேறென்ன சாட்சி என்று பெரியவர்கள் தீர்த்துச் சொல்ல, அவர் மனைவி மதீனா பீவி வெள்ளை உடுத்து, விதவைக்கு விதித்த நாள் வரை வீட்டோடு இத்தா இருந்தாள். மூன்றாம் வருஷம் இப்ராம்சாவை நிக்காஹ் செய்துகொண்டாள். மகள் ரோஷன் பேகம் பிறந்தாள். முதல் புருஷன் உயிரோடிருந்தால் இந்த நிக்காஹ் நிற்காது. பிள்ளைக்கும் தகப்பன் பெயர் நிற்காது.

யாரும் நேரில் கேட்கவில்லை. பள்ளிவாசலில் இப்ராம்சா பக்கத்தில் நின்று தொழுதவர்கள் மட்டும் அடுத்த வரிசைக்கு நகர்ந்துகொண்டார்கள்.

"பழனிக்குச் சாக்கு வாங்கப் போறேன்" என்று ஒருநாள் இப்ராம்சா வெள்ளனே கிளம்பினார். அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி பூண்டுக் கட்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்த மதீனா பீவி, "சாக்கு வாங்க இஸ்திரிச் சட்டையா?" என்றாள்.

தரங்கம்பாடிக் கோட்டையை டேனிஷ்காரர்கள் கட்டினார்கள்; பிறகு இங்கிலீஷ்காரர்களிடம் விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது; கப்பல்களும் பின்னாலேயே போயின. மிஞ்சிய துறைமுகத்தைக் கடல் கொஞ்சங்கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தது, பத்திரம் எழுதாமலே.

வாசலில் சாக்கு விரித்துச் சம்சுல் ஆலம் உட்கார்ந்திருந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கதையில் ஒரு துரை குண்டடி பட்டுச் செத்துக்கொண்டிருந்தான். இப்ராம்சாவைக் கண்டதும் அவனைப் பாதி உயிரில் விட்டுவிட்டார்.

"வாய்யா மாப்பிள்ளை. எம் மௌத்துக்குத் துக்கம் விசாரிக்க இப்பத்தான் சோலி ஒழிஞ்சுதா?"

"ஒரு வரி எழுதிப் போட்டிருக்கக் கூடாதா?"

"புயல்ல சுவரு இடுப்புல விழுந்துச்சு. வருஷக்கணக்கா மல்லாந்து கெடந்தேன். எந்திரிச்சு உக்காந்தன்னைக்கு, நீ அவளைக் கட்டிக்கிட்டேன்னு சேதி வந்துச்சு. என்னத்தை எழுதச் சொல்றே, கல்யாண வாழ்த்தா?"

இப்ராம்சா வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார். "இப்பவாச்சும் தலாக் சொல்லிரு. சாட்சிக்கு ரெண்டு பேரைக் கூட்டியாரேன்."

"கூறுகெட்டவனே! இன்னைக்கு நான் தலாக் சொன்னா, நேத்து வரைக்கும் அவ எம் பெண்டாட்டின்னு ஆகாதா? உம் மகளை யாரு மகள்னு கேப்பாங்க?"

இப்ராம்சா சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கோட்டைக்கே இல்லாத சரித்திரமெல்லாம் சொல்றேன். எனக்கு ஒண்ணு சொல்லிக்க மாட்டேனா? அது வேற ஆளுன்னு போய்ச் சொல்லு. நான் செத்தவனாவே இருந்துக்கிறேன்." விலாவைத் தடவிக்கொண்டார். "வாயுப்பிடிப்பு உசுரை எடுக்குது. அவ புகை போட்ட பூண்டு ஒரு படி குடுத்துவிடு. போதும்."

"அடுத்த லோடுலயே வரும்" என்றார் இப்ராம்சா.

ஊர் திரும்பி, பஜாரில் அது வேற ஆள் என்று சொன்னார். மண்டி லோடு கைவிட்டுப் போகக்கூடாதே என்று பொன்னுவேலுக்கும் கண் தெளிந்து, "ஆமா, சாடைதான்" என்றான். தொழுகை வரிசையில் பக்கத்து இடம் மறுபடி நிரம்பியது.

வீட்டில் ஒரு படி பூண்டு கேட்டார்.

"யாருக்குங்க?"

"ஒருத்தருக்கு."

மதீனா பீவி பரணைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள். "பேரைச் சொல்லுங்க. எம் கையாலயே அளந்து தாரேன்."

அவர் சொல்லவில்லை. பரண் எட்டாத உயரமொன்றுமில்லை. ஆனாலும் கை போகவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ லோடு மலை இறங்கிவிட்டது. அந்த ஒரு படி மட்டும் இன்னும் பாக்கி.