அலறாத பெல்ட்

மரிட் ஹூக்ஸ்ட்ரா பெல்ட் செய்ததே அப்பாவுக்காகத்தான். லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்ந்த கெர்ரிட்டுக்குப் பார்கின்சன். நடக்கும்போதே கால் மக்கர் பண்ணும். அம்மா போனபின் கிராண்ட் ரேப்பிட்ஸ் வீட்டில் பகலெல்லாம் தனியாகக் கிடப்பவர் விழுந்தால் யாருக்குத் தெரியும்? கட்டியவர் விழுந்தால் தன் போன் அலறும்படி ஒரு பெல்ட்டை, ஓரிரு நாளில் புதுக் கருவி செய்து காட்டும் பல்கலைக்கழக ஹேக்கத்தான் போட்டியில் செய்தாள்.

பாழாய்ப்போன பெல்ட், நடுவர்கள் வரும் நேரம் பார்த்து, உட்கார்ந்தாலும் அலறியது, குனிந்தாலும் அலறியது.

"உன் போன்ல பொத்தானை அழுத்தினா மட்டும் கத்துற மாதிரி புரோகிராம்ல ஒரு வரி போட்டுடு," என்றான் கூட்டாளி டெஸ்மண்ட். "நான் விழறேன், நீ அழுத்து. எல்லாரும் பண்றதுதானே?"

எல்லாரும் பண்ணுவதுதான். ஹேக்கத்தான் பிள்ளைகளுக்கு அது பொய்யாகவே தோன்றாது. நடுவர்களைத் தாண்டினால் போதும், அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்பார்கள். அந்த அப்புறம் எங்கே வருகிறது? அவன் விழுந்தான், அவள் அழுத்தினாள், பரிசு கிடைத்தது. பிறகு ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்து விழுவதைக் கண்டுபிடிக்கும் கணக்கையெல்லாம் திருத்தியவள், அந்த ஒரு வரியை எடுக்க மறந்தாள். பெல்ட் வீணாக அலறவில்லை என்றதும், திருத்தம் பலித்துவிட்டது என்றே நினைத்தாள்.

"உங்கம்மாவைவிட சமத்து," என்றார் கெர்ரிட், பெல்ட் கட்டிய இடுப்பைத் தட்டி. "வாயே திறக்கல."

ஒரு மதியம் அவள் வகுப்பு முடிந்து வந்தபோது, அவர் சமையலறைத் தரையில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. காலையிலேயே விழுந்திருக்கிறார். அவளுடைய போன் நாளெல்லாம் பையில் சும்மா கிடந்திருக்கிறது.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கணினியைத் திறந்தாள். அந்த வரி அப்படியே இருந்தது. கணினியை மூடிவிட்டு அப்பாவின் அறைக்குள் போனாள்.

"அப்பா, அந்த பெல்ட்டு..."

"விழுந்தப்போ அதை நான் எங்க கட்டியிருந்தேன்? அரிச்சுதுன்னு காலையிலயே கழட்டிப் போட்டுட்டேன்."

ஆம்புலன்ஸ்காரர்கள் அவர் இடுப்பிலிருந்து வெட்டிக் கொடுத்த பெல்ட் அவள் பையில் இருந்தது. அவள் அழுதாள்.

"அரிச்சுதுன்னு சொல்றேன்ல கண்ணு," என்று நடுங்கும் கையை அவள் தலையில் வைத்தார். "அடுத்ததை நல்ல துணியில செய்."

அந்த வரியை எடுத்துவிட்டு, புதிய பெல்ட்டை மெத்தென்ற துணியில் தைத்தாள். அவர் வீடு திரும்பியதும், அதை முதலில் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, போனை அவர் கையில் கொடுத்தாள். அவர் பார்த்துக்கொண்டிருக்க, அதே சமையலறைத் தரையில் விழுந்தாள். அவர் கையில் போன் அலறியது.