கனடாவில் ஒரு செவ்வரத்தை

அக்கா கனடாவில் செவ்வரத்தை வளர்க்கிறாள் என்று கேட்டதும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேலியில சும்மா சிவப்பாப் பூத்து நிக்கிற மரம். அதைப்போய்க் காசு குடுத்து வாங்கினனியே?" என்று போனில் கேட்டார். முதல் செடியை அக்கா நிலத்தில் நட்டிருந்தாள். உறைபனி விழுந்த அன்றே அது கறுத்துச் செத்தது. அடுத்ததைப் பூச்சாடியில் வைத்தாள்.

அது யுத்த காலம். நானும் அம்மாவும் வெள்ளவத்தையில் ஒரு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். அங்கே அகதி வழக்கு முடியாததால் அக்காவால் இங்கே வர முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். போனில் நாட்டு நிலைமையைக் கதைக்க எங்களுக்குப் பயம். அதனால் செவ்வரத்தையைப் பற்றிக் கதைத்தோம்.

மாரிக் குளிர் தொடங்குமுன் சாடியை உள்ளே தூக்கி, வெயில் படும் யன்னலடியில் வைத்தாள். இலைகள் மஞ்சளித்துக் கொட்டின.

"தண்ணி காணாது பிள்ளை, நல்லா விடு," என்று அம்மா பதறினார்.

"இல்லையம்மா, மாரியில அது நித்திரை மாதிரி. தண்ணி கூடினா வேர் அழுகிப்போம்."

அம்மா நம்பவில்லை. ஆனால் குளிர் போனபின் அக்கா கொப்புகளை வெட்டி, ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் வெளியே வைத்து வெயிலுக்குப் பழக்க, அது பூத்தது. தபாலில் வந்த படத்தை அம்மா கீழ்வீட்டாருக்கும் கொண்டுபோய்க் காட்டினார்.

ஒரு சனிக்கிழமை, நுகேகொடையில் வேலை முடிந்து வரும்போது, பாமன்கடைச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்து என்னை இறக்கிக் கொண்டுபோனார்கள். திங்கட்கிழமைதான் விட்டார்கள். அம்மா சோற்றைப் போட்டுவிட்டு, நான் சாப்பிடும்போது என் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தார்.

இடையில் வந்த ஞாயிறன்று அக்கா கூப்பிட்டிருக்கிறாள். நான் குளிக்கிறேன் என்று அம்மா சொல்லியிருக்கிறார். நடந்ததை நான் அக்காவிடம் சொன்னது அம்மா இறந்தபிறகுதான்.

"அம்மா அண்டைக்கு முழுக்கச் செவ்வரத்தையைப் பற்றியே கேட்டவ. எத்தனை மொட்டு, எந்தக் கொப்பில எண்டு. போனை வைக்க விடேல்ல. எனக்கு அலுத்துப்போய் நான்தான் வைச்சிட்டன்," என்றாள். பிறகு அழுதாள்.

அம்மா இறந்தது ஓர் ஐப்பசியில். நெஞ்சு நோகுது என்றார், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அக்காவால் வர முடியவில்லை. மூன்று நாட்களாகப் போனடியிலேயே இருந்தாளாம். சாடி வெளியிலேயே நின்றுவிட்டது. உறைபனி விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. பிறகு அடிவரை வெட்டி உள்ளே கொண்டுவந்து, அந்த மாரி முழுவதும் காத்திருந்தாள். தண்டைச் சுரண்டிப் பார்த்தபோது எங்கும் பச்சையில்லை.

"இன்னொண்டு வாங்கன் அக்கா," என்றேன்.

"பாப்பம்," என்றாள்.

அவள் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். சாப்பிட்டியா, வேலை எப்படி என்று கேட்பாள். இரண்டு நிமிடத்துக்குமேல் எங்கள் இருவருக்கும் கதை வரவில்லை.